ஆறு மணி நேரத்தில் ஒரு தீவு: காவிரிக் கரையிலிருந்து கப்பலேறுகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். மூன்று பேருமாகக் கரீபியன் தீவுகளுக்கு 7 நாள் சொகுசுக் கப்பலில் போக ஆசை. மியாமியில் ஏறுவது ஒரு திட்டம், மார்த்தினிக் தீவிலேயே ஏறுவது இன்னொரு திட்டம். இரண்டில் எது நல்லது என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "தினம் ஒரு தீவு என்கிறார்கள். அந்த ஊர் மனிதர்களை, அவர்கள் வாழ்க்கையைக் கொஞ்சமாவது பார்க்க முடியுமா, இல்லை கடைத்தெருவில் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு திரும்புவதுதானா?" அவர் உண்மையில் கேட்பது இந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு பணம் செலவழித்து, வயதான இருவரைக் கூட்டிக்கொண்டு போய், வெறும் படம் எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்ற கவலை அது. நியாயமான கவலை. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன், திட்டத் தேர்வு அதிலிருந்து தானாக வந்துவிடும்.

நான் நாகூர்க்காரன். 14 வருடம் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தேன். பெரும்பகுதி, கரையில் இறங்குகிறவர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் பிரிவில். காலையில் கப்பலைத் துறையில் கட்டும் முன்பே மேசைக்கு முன்னால் வரிசை நின்றுவிடும். "இன்றைக்கு என்ன பார்க்கலாம்?" என்ற கேள்விக்குத் தினமும் சில நூறு பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது கரீபியன் கடலும் இந்தியப் பெருங்கடலும்தான். பசிபிக் தீவுகள் பக்கம் வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகாமல் விடுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. அட்டவணையில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று போட்டிருப்பார்கள். பெரிய கப்பலில் 3,000 பேருக்கு மேல் இருப்பார்கள். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசை நகர்ந்து, நீங்கள் கரையில் கால் வைக்கும்போது ஒன்பதாகிவிடும். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்னாலேயே எல்லோரும் கப்பலில் இருந்தாக வேண்டும். அம்மாவின் முழங்காலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கையில் நிற்பது ஆறு மணி நேரம்.

இப்போது திருப்பி யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் ஒரே ஒரு நாள் ஆறு மணி நேரத்துக்கு நம் பக்கம் வருகிறார். பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், சுவாமிமலை, நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை என்று வேனில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம். சாயங்காலம் அவருக்கு எது எங்கே இருந்தது என்றே குழம்பிவிடும். அதற்குப் பதிலாகச் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, காவிரி வண்டல் மண்ணை மெழுகுச் சிலை மேல் பூசுவதைப் பார்க்கவிட்டு, அப்புறம் ஒரு வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு போட்டால், அவர் பத்து வருடம் கழித்தும் அதைப் பேசுவார். தீவுக்கும் அதே கணக்குத்தான். ஒரு தீவுக்கு ஓர் இடம், ஒரு சாப்பாடு. "தீவின் பத்துச் சிறப்புகள், ஐந்து மணி நேரத்தில்" என்று பேருந்தில் ஏற்றுகிற சுற்றுலாவை நானே விற்றிருக்கிறேன். அதில் போய் வந்தவர்கள் களைப்போடு வருவார்கள், கேட்டால் பேருந்தின் குளிர்சாதனத்தைப் பற்றித்தான் சொல்வார்கள்.

ஆகவே கப்பலைப் பார்க்காதீர்கள், வழித்தடத்தைப் பாருங்கள். மியாமித் திட்டத்தில் மூன்று நிறுத்தங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று, கப்பல் நிறுவனம் தனக்கென்றே வைத்திருக்கும் கடற்கரைத் தீவு. மணல் நன்றாக இருக்கும், நாற்காலி போட்டிருப்பார்கள், ஆனால் அங்கே குடியிருக்கும் ஊர் என்று ஒன்று கிடையாது. நீங்கள் தேடுவது அங்கே கிடைக்காது. மார்த்தினிக்கில் ஏறும் திட்டத்தில் குவாதலூப், செயின்ட் லூசியா எல்லாம் வருகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். காரணம் கடற்கரையின் அழகு இல்லை. அந்தத் தீவுகளில் நம் ஊர் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1848-இல் பிரான்ஸ், மார்த்தினிக், குவாதலூப் உள்ளிட்ட தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியிலிருந்தும் நம் அரசலாற்று முகத்துவாரத்துக் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றினார்கள். காரைக்காலைச் சுற்றி அப்போதைய தஞ்சாவூர் ஜில்லா. கஞ்சிக்கு வழியில்லாத குடும்பங்கள் எல்லை தாண்டிப் போய்க் கைநாட்டு வைத்தன. 'ஒரெலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பது, முப்பத்தைந்து வருடங்களில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். கல்கத்தாவிலிருந்து போனவர்களும் அதில் உண்டு, ஆனால் பெரும்பங்கு தமிழ்க் கரையிலிருந்துதான். பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை.

குவாதலூப்பில் காபெஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஷாங்கி என்ற இடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கப்பல் நிற்கும் புவாந்தாபீத்ர் நகரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் வாழைத் தோட்டம். நான் முதல்முறை போனது ஒரு விடுப்பு நாளில், ஞாயிற்றுக்கிழமை. அம்மனை அங்கே 'மாலியெமேன்' என்கிறார்கள். மதுரை வீரன் 'மால்தெவிலேன்' ஆகியிருக்கிறார். பூஜை செய்கிறவர் 'பூசாலி'. பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் 'வாத்தியாலு'. பறை போன்ற ஒரு மேளத்தைத் தீயில் காட்டி இறுக்கிக்கொண்டிருந்தான் ஒரு பையன். அதற்கு 'தப்பு' என்றே பெயர். விரல் நுனியில் தட்டிப் பார்த்து, சுருதி சேரவில்லை என்று மறுபடி தீயில் காட்டினான். திருவாரூர்ப் பக்கம் எந்தச் சாவடியில் பார்த்தாலும் இதே காட்சிதான்.

வெளிவாசலில் ஒரு கம்பம், மேலே கொடி. அது யாருக்கு என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் "நாகுர்மீரா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நாகூர் மீரான்! எங்கள் ஊர் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை. ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலைக் கண்ணாடியால் அடைத்துக் காப்பாற்றினார் என்று எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். தர்காவின் கந்தூரி விழாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலமாக வரும்போது கப்பல் வடிவத்தில் ரதம் வரும். கடலேறுகிறவன் இந்துவானாலும் முஸ்லிமானாலும் அவரை வேண்டிக்கொள்ளாமல் ஏறமாட்டான். காரைக்காலில் கப்பலேறியவர்கள் பல மாதக் கடலை அவர் பெயரைச் சொல்லித் தாண்டியிருக்கிறார்கள். போய் இறங்கிய இடத்தில் அம்மனுக்குக் கோயில் கட்டும்போது, அதே வாசலில் அவருக்கும் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவருக்குத் தமிழ் பேச வராது. சாமிப் பாட்டுத் தமிழ் மட்டும் வரும். நாகூர் என்பது ஓர் ஊர், நான் அங்கே பிறந்தேன் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லி, கைபேசியில் தர்காவின் 131 அடிப் பெரிய மனாரா, அதாவது கோபுரத்தின் படத்தைக் காட்டினேன். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டிலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு நான் வேறெந்த இடமும் போகவில்லை.

உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே பூஜை நாட்களில் ஆடு, சேவல் பலி உண்டு. பூசாலி அரிவாள் மேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வதும் உண்டு. நம் கிராமத்துக் காவல் தெய்வக் கோயில்களில் பார்க்காதது ஒன்றும் இல்லை, ஆனால் அம்மாவுக்கு ஒவ்வாது என்றால் பூஜை இல்லாத வேளையில் போங்கள். உள்ளே போகும் முன் அனுமதி கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். அது அவர்கள் கும்பிடும் இடம், நமக்காகப் போட்டுக் காட்டும் நிகழ்ச்சி கிடையாது. "உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்தக் கேள்வி அவர்களை எவ்வளவு புண்படுத்துகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். மொழி போனது அவர்கள் குற்றம் இல்லை.

சாப்பாட்டிலும் நம் ஊர் இருக்கிறது. இரண்டு தீவுகளிலும் 'கொலம்போ' என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு அரைத்த பொடி, சந்தையில் பொட்டலம் பொட்டலமாக விற்கும். பொடி நம் குழம்புப் பொடிக்கு நெருங்கிய சொந்தம் என்பதில் சந்தேகமில்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. இலங்கைக் கொழும்பு நகரத்தின் பெயர் என்கிறார்கள் ஒரு சாரார், 'குழம்பு' என்ற நம் சொல்தான் என்கிறார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை, ஆனால் முடிந்த தீர்ப்பு என்று சொல்லமாட்டேன். பாகற்காயை அங்கே 'பவோக்கா' என்பார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. கொலம்போ பெரும்பாலும் ஆட்டுக்கறி அல்லது கோழியில்தான் செய்வார்கள். அம்மாவுக்குக் காய்கறி போட்டுச் செய்யச் சொல்லி முன்கூட்டியே கேட்க வேண்டும். புவாந்தாபீத்ரில் துறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மசாலாச் சந்தை இருக்கிறது. சந்தைப் பெண்கள் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டியிருப்பார்கள், அதன் பெயரே 'மெட்ராஸ்'. நம் கடற்கரையிலிருந்து போன பருத்தித் துணி அந்தத் தீவுகளின் விழா உடையாகிவிட்டது. தலைக்கட்டில் ஒரு முனை நீட்டியிருந்தால் மனசு காலி, மூன்று முனை இருந்தால் கல்யாணமானவள் என்றெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சந்தையில் நிற்கிற பெண் அந்தக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறாள் என்று நம்பிவிடாதீர்கள்.

காபெஸ்தேரில் பிறந்த ஒருவர் பெயரையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: ஹென்றி சிதம்பரோம். பெயரிலேயே நம் சிதம்பரம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-இல் தொடங்கி 1923 வரை சட்டப் போராட்டம் நடத்தி வென்றவர். அவரைத் தெரிந்துகொண்டு போகிறவர்களை அந்த ஊர் மக்கள் வேறு மாதிரி வரவேற்பார்கள்.

மார்த்தினிக்கில் கப்பலேறும் முன் ஒருநாள் தங்குங்கள். நேரமிருந்தால் சென் பியேர் நகரம் மட்டும் போதும். 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் 28,000 பேருக்கு மேல் இறந்துபோன ஊர். கரிந்த நாடக அரங்கின் படிக்கட்டு இன்னும் இருக்கிறது. செயின்ட் லூசியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரட்டை மலைகளைப் படகிலிருந்து பார்த்துவிட்டு ஓய்வெடுங்கள்.

மியாமித் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதிலும் நமக்கு ஒரு துறைமுகம் உண்டு: செயின்ட் தாமஸ் தீவின் சார்லட் அமாலி. பல கப்பல்கள் ஒன்றாக நிற்கும் நாளில் அந்தச் சின்ன நகரம் நெரிந்துபோகும், எல்லோரும் நகைக்கடைக்குள் புகுந்துவிடுவார்கள். நீங்கள் நேராகத் துறைக்குப் பக்கத்தில் உள்ள சிவப்புக் கோட்டைக்குப் போங்கள். அது டேனிஷ்காரர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அவர்கள்தான் 1620-இல் தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டியவர்கள். தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள், செயின்ட் தாமஸை மற்ற இரண்டு தீவுகளோடு 1917-இல் அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். ஒரே ராஜாவின் கொடி இரண்டு கரையிலும் பறந்திருக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம், அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்களை விற்றார்கள். அடிமை முறை 1848 ஜூலை 3 அன்றுதான் முடிந்தது. கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி போய் அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனீர்கள் என்றால், சார்லட் அமாலியில் இறங்கும்போது கண் வேறு விதமாகப் பார்க்கும்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெற்றோருக்கு நீண்ட விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் அதை யோசியுங்கள் என்பேன். அங்கே எல்லாம் இன்னும் நெருக்கம். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டுகளை 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ரீயூனியனில் கறிவேப்பிலை 'கலூப்பிலே', முருங்கைக் கீரை 'பிரேத் மூரூம்', பீர்க்கங்காய் 'பிப்பாங்காய்'. தீமிதி இன்றும் நடக்கிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் கப்பல் தேவையில்லை என்பது என் கருத்து. மொரிஷியஸில் ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கி, முக்கால் மணி நேர விமானத்தில் ரீயூனியன் போய் வரலாம். அந்தக் கடலில் கப்பல் ஓடும் மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றுதான், நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புயல் வந்தால் நீங்கள் ஆசைப்பட்ட துறைமுகத்தைத்தான் முதலில் விடுவார்கள். கரீபியனில் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள்.

இனி நடைமுறை. மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் எல்லாம் பிரான்ஸ்தான், செலவும் யூரோதான். ஆனால் ஐரோப்பாவுக்கு வாங்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவிலேயே குறித்திருக்க வேண்டும். பாரிஸில் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டியிருக்கலாம் என்பதால் ஷெங்கன் விசாவும் வேண்டும். மியாமி என்றால் அமெரிக்க விசா. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விசா மையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கப்பலுக்குப் பணம் கட்டுங்கள்.

கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில இடங்களில் ஒரு மணி நேரம் வேறுபடும். ஒரு தம்பதி ஊர் நேரத்தை நம்பிச் சந்தையில் நின்றுவிட்டார்கள். நான் மேல்தளத்திலிருந்து பார்க்கிறேன், கப்பலேறும் பாலத்தை எடுத்தாகிவிட்டது, இரண்டு பேரும் கையில் பையோடு துறையில் ஓடி வருகிறார்கள். கப்பல் நிற்கவில்லை. அடுத்த தீவுக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடித்து வந்தார்கள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். தனியாக டாக்ஸியில் போனால் காத்திருக்கமாட்டார்கள். காபெஸ்தேருக்குத் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும், அதனால் காலையிலேயே முதலில் இறங்கி, இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்துத் திரும்புங்கள். டாக்ஸிக்காரரிடம் போக, காத்திருக்க, திரும்ப என்று மொத்தத் தொகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆழமில்லாத துறைமுகங்களில் கப்பல் தள்ளி நின்று, சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். அலையில் படகு ஏறி இறங்கும், அந்த ஓரடி தாண்டுவது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். உங்கள் அட்டவணையில் எந்த ஊரில் படகு, எந்த ஊரில் நேரடித் துறை என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டலுக்கு மாத்திரை, அப்பா அம்மா வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் தலை சுற்றவைக்கும், பயணக் காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். சைவ உணவுக்குப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய முதல் நாள் ராத்திரி உணவுக்கூட மேலாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். நேரில் பார்த்த முகத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள், மறுநாளிலிருந்து அம்மாவுக்குச் சோறும் பருப்பும் வந்துவிடும்.

குவாதலூப்பில் உங்கள் கப்பல் நிற்பது என்ன கிழமை என்று பார்த்து எழுதுங்கள். ஞாயிறு என்றால் சந்தையும் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், கோயில் பக்கம் ஆள் இருப்பார்கள். வேலை நாள் என்றால் சந்தை முழு வேகத்தில் நடக்கும், கோயில் அமைதியாக இருக்கும், அம்மாவுக்கு அதுதான் வசதி. கிழமை தெரிந்தால் அந்த ஆறு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன்.